வானூர் மல்லாட்டையும் பாமாயில் பாக்கெட்டும்

டி.எம்.வி. 2 என்றொரு நிலக்கடலை ரகம். அந்த மூன்றெழுத்து எதைக் குறிக்கிறது தெரியுமா, தோழர்களே? திண்டிவனத்தை! அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் தந்த விதை அது. ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பல்லாண்டுக் காலம் விளைந்த விதை. திண்டிவனத்துக்கு அண்டைத் தாலுகா நமது வானூர். செம்மண் பூமி. இந்த வட்டாரத்து மல்லாட்டை, 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறையில் கப்பலேறிற்று. பிரெஞ்சு நாட்டு மார்சேல் பட்டினத்தில் எண்ணெயாகிச் சவுக்காரமாயிற்று.

பிறர்க்கு விதை கொடுத்த சீமையின் ரேஷன் கடையில் இன்று கிடைப்பது எது? மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பிழிந்த பாமாயில்!

அந்தப் பாக்கெட்டைப் பிடுங்கு என்று நாம் கூறவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் உப்பு வாரிவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு, லிட்டர் 25 ரூபாய் எண்ணெய் எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நாம் அறிவோம். 2007இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஏழையின் அடுப்படியை எண்ணிப் பிறந்தது. ஏழையின் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அதற்காக ஏழை உழவனின் கழனி ஏன் காய வேண்டும்? இதுவே நமது கேள்வி.

காய்ந்த கதை இதுதான். 1986இல் எண்ணெய் வித்துக்கென்று தனி இயக்கம் கண்டார்கள். சில ஆண்டுகளில் நாடு கிட்டத்தட்டத் தன் தேவைக்குத் தானே எண்ணெய் கண்டது. பிறகு? 1994இல் பாமாயிலுக்குக் கதவைத் திறந்தார்கள். அப்போது 65 சதவிகிதமாக இருந்த சுங்கவரி 1998க்குள் 15 அளவுக்கு இறங்கிற்று. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன் சமையல் எண்ணெய் வெளியிலிருந்து வருகிறது. தேவையில் பாதிக்கும் மேல்! 2024 செப்டம்பரில் வரியை உயர்த்தினார்கள், உழவன் நிமிர்ந்தான்; 2025 மே மாதக் கடைசியில் கச்சா எண்ணெயின் அடிப்படை வரியை 20இலிருந்து 10ஆக்கினார்கள். விதைக்கிறவன் எதை நம்பி விதைப்பான்?

ஆதரவு விலை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது! 2025-26க்குக் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அந்த விலைக்கு எடுத்துக்கொள்ள ஆளில்லாவிட்டால், அது காகிதத்தில் விளைந்த கடலை.

தொழிற்சாலை பெருகினால் நாடு வளரும் என்கிறார்கள் டெல்லி மேதைகள். வளரட்டும்! ஆனால் நாட்டு உழைப்பாளர்களில் நூற்றுக்கு 46 பேர் இன்னும் வேளாண்மையில் நிற்கிறார்கள். நாட்டு வருமானத்தில் அதன் பங்கோ ஏறத்தாழ 18. அந்த 46 பேர் மடியில் காசில்லாவிட்டால் ஆலையில் நெய்த வேட்டியை வாங்குவது யார்? கடலை ஒன்றைப் பாருங்கள்: களையெடுக்க, பிடுங்க, ஆய, தோலுரிக்க, செக்கில் ஆட்ட என்று கைக்குக் கை கூலி, கொடி மாட்டுக்கு, புண்ணாக்கும் மாட்டுக்கு. கப்பலில் வரும் எண்ணெயோ துறைமுகத்துச் சுத்திகரிப்பு ஆலையோடு சரி.

சவுக்கு நட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிலக்காரரை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் சவுக்குத் தோப்பில் வெட்டு வரும்வரை, ஆண்டுக்கணக்கில், வேலை ஏது? மழை இறங்கி உப்புப் பாத்தி மூழ்கியதும் அந்தத் தாய் கூலி தேடி எந்தக் கொல்லைக்குப் போவாள்?

கூட்டுறவுச் சங்கம் ஆதரவு விலைக்குக் கடலையை வாங்கட்டும்; உள்ளூரிலேயே ஆட்டி, மாதம் ஒரு பாக்கெட்டாவது ரேஷனில் கொடுக்கட்டும். விலை வித்தியாசத்தை, பாமாயில் மீது வாங்கும் சுங்கவரியிலிருந்து மத்திய சர்க்கார் தரட்டும்.