தீபாவளிக்கு மட்டும்தானா தீக்காயக் கணக்கு?

ஒவ்வொரு தீபாவளிக்கும் மறக்காமல் வரும் செய்தி இது: பட்டாசு வெடித்ததில் இத்தனை பேருக்குத் தீக்காயம், இத்தனை பேர் அட்மிட். கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வாசலில் மைக்குகள் நீளும். மறுநாள் எல்லாரும் மறந்துவிடுவோம். சரி, மீதி நாட்களில் கிச்சனில், வெந்நீரில், வேலை செய்யும் இடத்தில் வெந்துபோனவர்களின் கணக்கை யார் கேட்பது?

எவ்வளவு பெரிய பிரச்சினை?

இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓரளவு அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இறந்தவர்கள் எண்ணிக்கையிலேயே குழப்பம்தான். 2009-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, 2001-ல் மட்டும் இந்தியாவில் 1.63 லட்சம் பேர் தீயால் இறந்ததாக மதிப்பிட்டது. காவல்துறைக் கணக்கைப்போல இது 6 மடங்கு! இறந்தவர்களில் சுமார் 1.06 லட்சம் பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் 15 முதல் 34 வயதுக்குள் இருந்தவர்கள்.

மருத்துவமனையில் டேட்டாவே இல்லையா?

இருக்கிறது, சிகிச்சைக்குத் தேவையான அளவு. உடலில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு கை முழுவதும் 9 சதவீதம், ஒரு கால் 18 சதவீதம் என்று கணக்கு. எவ்வளவு ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆனால் ‘எப்படி நடந்தது?’ என்ற இடத்தில் பல நேரம் ஒரே வரிதான்: ‘சமைக்கும்போது ஸ்டவ் வெடித்தது’. மண்ணெண்ணெய் ஸ்டவ்வா, கேஸா? டியூப் கசிந்ததா? கட்டியிருந்தது காட்டனா, பாலியஸ்டரா? அந்த வரியில் பதில் இருக்காது. ஒருவரைக் காப்பாற்ற இந்தப் பதிவு போதும். அடுத்தவருக்கு அதே காயம் வராமல் தடுக்கப் போதாது.

டேட்டாவால் காயத்தைத் தடுக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள், குழாய் வெந்நீரில் வெந்துபோன குழந்தைகளின் கேஸ் ஷீட்களைப் புரட்டினார்கள். வீடுகளிலும் தண்ணீரின் சூட்டை அளந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் அது 54 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது அல்லது தாண்டியிருந்தது. 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். 49 டிகிரி என்றால் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். 1983-ல் வாஷிங்டன் மாநிலம், புது ஹீட்டர்களை 49 டிகிரியில் செட் செய்தே தர வேண்டும் என்று சட்டம் போட்டது. அதன்பின் இப்படி அட்மிட் ஆகும் குழந்தைகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தார்கள். ‘அம்மா கவனிக்கவில்லை’ என்று எழுதி ஃபைலை மூடியிருந்தால் இது நடந்திருக்குமா?

இங்கே என்ன தடை?

முதல் தடை, பயம். புகுந்த வீட்டார் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது ஒரு பெண் எதைச் சொல்வாள்? தான் சொல்வது நேராக வழக்கில் போய் நிற்கும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டாவது, நேரம். ராத்திரி 2 மணிக்கு டியூட்டியில் இருக்கும் ஒரே டாக்டர் ட்ரிப்ஸ் போடுவாரா, படிவம் நிரப்புவாரா?

என்ன செய்யலாம்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். எந்த மருத்துவமனையும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய உலகத் தீக்காயப் பதிவேட்டை உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே தொடங்கிவிட்டது. அதுபோன்ற ஒரே படிவம் எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் வர வேண்டும். அதை நிரப்பத் தனி ஊழியர் வேண்டும். நோயாளி கொஞ்சம் தேறியதும், உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். வழக்குக்கான பதிவு அதன் வழியில் போகட்டும். தடுப்புக்கான பதிவில் பெயரே வேண்டாம்.

‘வருவதற்கு முன் காயத்தில் எதைத் தடவினீர்கள்?’ என்று ஒரு கேள்வியையும் சேர்க்கலாம். டூத்பேஸ்ட், இங்க், தோசை மாவு என்று எந்த ஊரில் அதிகம் பதில் வருகிறதோ, ‘20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், அதுதான் முதலுதவி’ என்ற பிரசாரம் முதலில் அங்கே போக வேண்டும்.

முக்கியமாக, இந்தக் கணக்கு ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். தீபாவளிக்கு ஒரே நாளில் எண்ணிச் சொல்ல முடிகிற அரசால், மற்ற நாட்களின் கணக்கையும் சொல்ல முடியும்.