கத்தரி கையில், அரைப்பேர் செக்ரோலில்

கத்தரியால் கொழுந்து பறிக்கும் பயிற்சி இப்போது பல தோட்டங்களில் நடக்கிறது. ஆள் குறைந்துவிட்டது, கையால் மட்டும் பறித்துச் சுற்றை முடிக்க முடியாது என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. பயிற்சியை நாம் எதிர்க்கவில்லை. அது முடிந்த மறுநாள் மலையில் நடப்பதைத்தான் கேட்கிறோம்.

ஒரு தோட்டத்துச் செய்தி இது. பெயர் வேண்டாம், அந்தப் பெண்கள் இன்னும் அதே துரையிடம்தான் பெரட்டுக்குப் போகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர் அரைநாள் சொல்லிக் கொடுத்தார். செடியின் மேல்மட்டத்தோடு கத்தரியைப் பிடிக்க வேண்டும், ஆழமாக வெட்டக்கூடாது, தட்டில் விழும் முற்றலையும் குச்சியையும் பொறுக்கி எறிய வேண்டும். எல்லாம் சரியான பாடம். மறுநாள் காலையில் கேட்டதோ வழமையான நிறை. புதுக் கை, தோள் வலி, பொறுக்குவதற்கே பாதி நேரம். பின்னேரம் தராசில் நிறை காணவில்லை, பலருக்கு அரைப்பேர். அடுத்த நாள் அவர்கள் நிறைக்காக ஆழமாக வெட்டினார்கள். தொழிற்சாலையிலிருந்து முறைப்பாடு வந்தது. “பயிற்சி கொடுத்தும் திருந்தவில்லை” என்றார் துரை.

யார் திருந்த வேண்டும்?

2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவான பின் பல தோட்டங்களில் 20 கிலோ கேட்டார்கள். அந்த நிறையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு எவரும் புதுத் தொழில் பழக முடியாது. பழகும் நாட்களில் நிறை பார்க்காமல் முழுப்பேர் போட வேண்டும். முதலில் மட்டமான மலையைக் கொடுக்க வேண்டும். மேடும் பள்ளமுமாக வளர்ந்த செடியில் பழகியவருக்கே கத்தரி பிடிப்பது கஷ்டம். வெளிக்கள உத்தியோகத்தர் ரோட்டில் நின்று சத்தம் போடாமல் நிரைக்குள் இறங்கிக் கையைத் திருத்த வேண்டும். கங்காணிக்கும் அதே பயிற்சி வேண்டும். கொழுந்தே பறித்திராத ஆண்கள்தான் பல இடங்களில் பெண்களை மேற்பார்க்கிறார்கள். கத்தரியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

கத்தரி தீட்டுவது யார் வேலை என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. மழுங்கிய கத்தரி கொழுந்தை வெட்டாது, கிழிக்கும். கசங்கிய கொழுந்து மடுவத்துக்குப் போகுமுன்பே சிவந்துவிடும். அந்தப் பழியும் பறித்தவள் தலையில்தான். (மருந்து அடிப்பவர்களுக்கும் இதே கதி. கையுறை போடும்படி வகுப்பில் சொல்கிறார்கள், ஸ்டோரில் கேட்டால் இல்லை என்கிறார்கள்.)

ஆகவே தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் பயிற்சிக்கு நாள் குறிக்கும்போதே துரையைச் சந்தியுங்கள். எத்தனை நாள் நிறை பார்க்கமாட்டார்கள், கத்தரியை யார் தீட்டுவது, பிழை கண்டால் யார் வந்து திருத்துவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழகும் நாட்களில் எவருக்காவது அரைப்பேர் விழுந்திருந்தால், திகதியையும் அன்று நிறுத்த கிலோவையும் குறித்துக்கொண்டு சம்பள நாளுக்கு முன் நமது காரியாலயத்துக்கு வாருங்கள்.