கணினிப் பக்கம்: தீபாவளியன்று ஏறாத நிரல்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மூணாறு, பீருமேடு என நம் எல்லைப்புறத்து ஊர்களிலிருந்து கணினித் தொழிலுக்குச் சென்ற இளைஞர் இன்று பலர். கோவையிலும் கொச்சியிலும் பெங்களூரிலும் அமர்ந்து அவர்கள் எழுதும் நிரல்கள், பெரும்பாலும் தொலைவிலுள்ள கூடங்களில் வாடகைக்குப் பெற்ற கணினிகளிலேயே ஓடுகின்றன. இதனையே கிளவுடு என்கின்றனர். புதிய நிரலை அங்கே ஏற்றி ஓடவிடுவதற்கு டெப்ளாய்மெண்ட் என்று பெயர். அது தவறினால் முதற்பழி ஏற்றியவர் தலையில்தான் விழும். அப்பழி எப்போதும் நியாயமாகுமா என்பதையே இத்திங்கள் ஆராய விழைகிறோம்.

2025 அக்டோபர் 20, தீபாவளித் திருநாள். நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள அமேசான் கணினிக் கூடங்களில் கோளாறு நேர்ந்தது. டைனமோடிபி என்னும் தரவுக் களஞ்சியத்தின் முகவரிப் பதிவு வெறுமையாகிவிட்டது. பிற்பகல் மூன்று மணியளவில் அது சீராயிற்று. ஆயினும் புதிய கணினி கேட்டவர்களுக்குக் கிடைத்தபாடில்லை.

2017-இல் ஜி.எஸ்.டி. வருமுன் வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் காத்துக்கிடந்த வரிசையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவ்வரிசையில் ஒரு விந்தையைச் சேர்த்துக் கற்பனை செய்க. ஒவ்வொரு லாரியின் சீட்டுக்கும் சில நிமிடமே ஆயுள். அதிகாரி பார்த்து முடிக்குமுன் சீட்டு காலாவதியாகி, லாரி மீண்டும் கடைசிக்குப் போகிறது. அதிகாரி ஓயாது உழைப்பார். ஒரு லாரியும் எல்லை கடவாது. வர்ஜீனியாவில் நிகழ்ந்தது இதுவே. கணினிகளை ஒதுக்கித் தரும் பகுதி, தன் கீழுள்ள எந்திரங்களோடு வைத்திருந்த குறுகிய கால உடன்பாடுகளைப் புதுப்பிக்க முயன்று, ஒன்றை முடிக்குமுன் கெடு தீர்ந்துபோக, மீண்டும் மீண்டும் திணறியது. பொறியாளர்கள் வரும் வேண்டுகோள்களைக் கட்டுப்படுத்திய பின்னரே நெரிசல் தளர்ந்தது. கணினி ஒதுக்கீடு முற்றும் சீராக, நம் நேரப்படி பின்னிரவு 2.20 ஆயிற்று.

நிற்க. அத்தகைய வேளையில் செய்யத்தக்கது யாது? நிரலைத் திருத்தத் தொடங்குமுன், வந்த பிழைச் செய்தியைப் படிக்க வேண்டும். ‘இன்ஸஃபிஷியண்ட் கெபாசிட்டி’ என்றோ ‘ரிக்வெஸ்ட் லிமிட் எக்ஸீடட்’ என்றோ இருப்பின் கணினியே கிடைக்கவில்லை என்று பொருள். நிரல் இன்னும் தொடங்கவேயில்லை. அதில் குற்றம் தேடி இரவைக் கழிப்பது வீண். மாறாக, கணினி கிடைத்து, நிரல் தொடங்கி, 137 என்னும் எண்ணைக் காட்டி நின்றுபோனால், பெரும்பாலும் நினைவக வரம்பு மீறப்பட்டிருக்கும். அதற்கு நம் பிள்ளைகள்தாம் பொறுப்பு.

இன்னொன்றையும் வற்புறுத்துவோம். ஏற்கெனவே ஓடும் பழைய நிரலை அவசரப்பட்டு நிறுத்தலாகாது. அன்றும் முன்னரே இயங்கிக்கொண்டிருந்த கணினிகள் நலமாகவே இருந்தன. அவற்றைக் கைவிட்டுப் புதியன கேட்டவர்க்கு இரண்டும் இல்லாமற் போயிருக்கும். தானாகவே மறுபடி மறுபடி முயலும் கருவிகளையும் அடக்கி வைத்தல் வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என இடைவெளியைப் பெருக்கி, அதிலும் சற்றே முன்பின்னாக மாற்றி முயன்றால், எல்லோரும் ஒரே நொடியில் சாவடியை முட்டமாட்டார்கள். பிழைச் செய்தியையும் நேரத்தையும் குறித்து மேலாளருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த முயற்சிவரை பிள்ளை பண்டிகைச் சாப்பாட்டுக்கு எழுந்து வரலாம்.