பன்றிக்கறி தின்னாதவருக்கும் வலிப்பு வரும்

சேரியில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் ஊரில் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். ஒன்று, பேய் பிடித்திருக்கிறது. இன்னொன்று, "கண்டதையும் தின்னா இப்படித்தான்." முதல் கதையைப் படித்த பிள்ளைகள் இன்று அவ்வளவாக நம்புவதில்லை. இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது அறிவியல் வேடம் போட்டு வருகிறது. பன்றிக்கறியில் புழு இருக்கிறது, அது மூளைக்கு ஏறுகிறது, ஆகவே பன்றி தின்கிற சாதிக்கு வலிப்பு. கல்லூரி விடுதி மெஸ்ஸில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் சக மாணவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துத்தான் நம்மை அடிக்கிறார்கள். ஆகவே மீதியையும் தெரிந்துகொள்வோம், தோழர்களே.

புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகாமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். அது குடலோடு சரி. அந்த மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் புழுவின் முட்டைகள் அவருடைய மலத்தில் வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் தண்ணீரிலோ, கழுவாத கையிலோ, பச்சையாகத் தின்னும் காய் கீரையிலோ ஒட்டி வாய்க்குள் போனால் அப்போதுதான் ஆபத்து. அவை குடலில் பொரிந்து, ரத்தம் வழியாக மூளைக்குப் போய்க் கட்டியாகத் தங்கும். இதற்கு நியூரோசிஸ்டிசர்கோசிஸ் என்று பெயர். புழு உள்ளவர் கை கழுவாவிட்டால் அவருக்கே வரலாம். அவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கு வரலாம். வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத ஒருவருக்கு அவர் தின்ற கேரட் வழியாகவும் வரலாம்.

அதாவது மூளைக்குப் போகும் புழு கறியிலிருந்து நேராகப் போவதில்லை. மனித மலத்திலிருந்து போகிறது. நியூயார்க்கில் பன்றியைத் தீண்டவே தீண்டாத வைதீக யூதக் குடும்பங்களில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டு, 1992இல் மருத்துவ இதழில் வெளியானது. வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் வழியாகப் பரவியது என்று அங்கே கண்டறிந்தார்கள். இங்கேயும் அந்தப் பெண்களின் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்தான். அவர்களுக்கு ஒரு மலப் பரிசோதனையும் ஒரு வேளை மாத்திரையும் கிடைக்காமல் போனது ஏன் என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1980களின் கடைசிவரை, வலிப்போடு வருபவரின் மூளை ஸ்கேனில் சிறு புள்ளி ஒன்று தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். அவற்றில் பல இந்தப் புழுக்கட்டிகள்தான் என்று காட்டியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். பின்னர் வேலூர் மாவட்டத்தில் அவர்கள் நடத்திய ஆய்வில், வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று தெரிந்தது. கிராமத்திலும் நகரத்திலும் அதே நிலைதான்.

ஆகவே கேள்வி யார் என்ன தின்கிறார் என்பதல்ல. யார் வீட்டில் கழிப்பறை இல்லை, எந்தத் தெருவின் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது, யாரை வெறுங்கையோடு மலத்தில் இறக்குகிறார்கள் என்பதே கேள்வி. இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது ஊராட்சியும் நகராட்சியும். சேரியின் சோற்றுத்தட்டு அல்ல.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பன்றிக்கறி எங்கள் உரிமை என்று மேடையில் முழங்குகிற தோழர்கள் சிலர், "நன்றாக வேகவைத்துத் தின்னுங்கள்" என்று ஒரு செவிலியர் சொன்னால் அதையும் சாதி அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். இது வேண்டாத வீராப்பு. கறியில் அரிசி மாதிரி வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் வாங்காதீர்கள். உள்ளே வரை வேகவிடுங்கள். கூடவே, ஆட்டுக்கறிக்கு இருப்பதுபோல் பன்றிக்கும் பரிசோதனையோடு கூடிய அறுப்புக்கூடம் வேண்டும் என்று மனு கொடுங்கள். உரிமை என்றால் சுத்தமான கறிக்கும் சேர்த்துத்தான்.

வலிப்புக்குப் புழு மட்டும் காரணமல்ல. தலைக்காயம், பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல், பக்கவாதம் என்று பல உண்டு. பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. ஆனால் காரணம் எதுவானாலும், முறையாக மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பேருக்குத் தேவையான சிகிச்சை கிடைப்பதில்லை என்பதையும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. இத்தனைக்கும் பெனோபார்பிட்டால் என்ற விலை மலிந்த மருந்து 1912 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்பதுதான் முக்கியம். ஆறு மாதம் வலிப்பு வரவில்லை, இனி எதற்கு என்று பலர் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். திடீரென விட்டால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். புழுக்கட்டிக்கான மாத்திரையையும் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். புழு சாகும்போது மூளை வீங்கும், அதனால் அதற்கு மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுவது அவசியம். அது கருவைப் பாதிக்கும். இதைச் சொல்லாமலே சீட்டு எழுதித் தருபவர்கள் உண்டு, நீங்களே கேளுங்கள்.

விடுதியில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்தைத் திணிக்க வேண்டாம், இரும்புக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை. வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ வேண்டாம். கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கல், மேசை ஆகியவற்றை விலக்கி, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108ஐ அழையுங்கள். எழுந்ததும் அவர் குழம்பிப் போயிருப்பார். அப்போது சுற்றி நின்று வேடிக்கை பார்க்காமல், படமெடுக்காமல் ஒருவர் மட்டும் கூட இருந்தால் போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு உள்ளவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற பொருளில் இந்து திருமணச் சட்டத்தில் இருந்த சொல்லை 1999இல் திருத்தம் செய்து நீக்கிவிட்டார்கள். இது தெரியாமல் இன்றும் பெண்ணின் மாத்திரை அட்டையை ஒளித்து வைத்துக் கல்யாணம் செய்கிறார்கள். ஒளிக்க வேண்டியிருப்பதால் மாத்திரை தவறுகிறது, மாத்திரை தவறுவதால் மாமியார் வீட்டில் வலிப்பு வருகிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் நோய் இருக்கிறது, வலிப்பு நோய் இல்லை. கட்டுப்படாத வலிப்பால் வேலை போன கூலித் தொழிலாளிக்கு, வலிப்பை மட்டும் காரணம் காட்டி அந்தச் சட்டத்தில் சான்றிதழ் வாங்க வழியில்லை. இதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரைகள் கடந்த ஓராண்டில் எத்தனை நாள் இருப்பில் இல்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்பினால் ஒருவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, ஏழு நாள் மாத்திரையும் போகிறது. பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போவோம்.