சாயம் வெளுக்கும், உப்பு எங்கே போகும்?



நொய்யலைக் கேளுங்கள், கதை சொல்லும். பயிர் வளர்க்க ஒரத்துப்பாளையத்திலே அணை கட்டினார்கள். அணையிலே தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு! கழனி கெட்டது, கிணறு கெட்டது. உழவர்கள் வழக்காடினர். கழிவுநீர் வெளியேறுவதை அறவே நிறுத்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுக என்று 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உழவனுக்கு நீதி கிடைத்தது. பட்டறைத் தொழிலாளிக்கு வேலை போயிற்று. இருவரும் யார்? ஒரே கஞ்சியைக் குடிக்கும் உடன்பிறப்புகள்!

ஏழையோடு ஏழையை மோதவிடாத வழி உண்டா? சவ்வு வடிப்பையும் ஒளிவினையையும் இணைத்துப் பாருங்கள் என்கிறது இன்றைய ஆராய்ச்சி.

சவ்வு என்பது கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட வடிகட்டி. அழுக்கைப் பிரிக்கும், அழிக்காது. பிரித்த அழுக்கே படிந்து துளையை அடைக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளைப் பெயிண்டிலே கலக்கும் தூள். புற ஊதாக் கதிர் பட்டால் சாயத்தையே சிதைக்கும். அப்பொருள் ஒளிபட்டு நீரைப் பிளப்பதை 1972-ல் ஜப்பானியர் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் உலகுக்குக் காட்டினர். ஆனால், நீரில் கலந்த தூளை மீட்பது கடினம். இரண்டையும் இணைத்தால், சவ்வு தூளைத் தடுத்து வைக்கும். தூள் சவ்வின் அடைப்பைக் குறைக்கும். நல்ல பொருத்தந்தான்!

பொருத்தம் பார்த்ததும் பந்தல் போட்டுவிடலாமா? வெயிலிலே புற ஊதாக் கதிர் நூற்றுக்கு ஐந்து பங்களவே; விளக்கெரித்தால் மின்கட்டணம். அக்கதிர் பிளாஸ்டிக் சவ்வையும் அரிக்கும். பீங்கான் சவ்வு தாங்கும், விலையோ அதிகம். எல்லாவற்றினும் பெரிது ஒன்று: சாயம் சிதையும், உப்பு சிதையாது! துணியிலே சாயம் பிடிக்கக் கொட்டிய உப்பு, தெளிந்த நீரிலும் அப்படியே நிற்கும். நொய்யல் கரையின் மண்ணைக் கெடுத்ததிலே உப்புக்குப் பெரும்பங்கு உண்டன்றோ!

ஆகவே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. எந்திரமும், மிஞ்சும் நீரை வற்றவைக்கும் ஆவியாக்கியும் வேண்டியவையே. புதுமுறை அவற்றுக்கு முன்னே நின்று சுமையைக் குறைக்கலாம். அவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது. நிறமற்ற நீரைக் காட்டி, "நஞ்சு நீங்கிற்று, ஆற்றிலே விடுகிறோம்" என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்!

செலவு யார் தலையிலே? பனியன் விற்றுப் பொருள் குவிக்கும் பெருவணிகர் தலையிலா, கூலிக்குச் சாயமேற்றும் சிறுபட்டறையின் தலையிலா? சிறுபட்டறைமீது ஏற்றினால், அது தொழிலாளியின் கூலியிலே வந்து விடியும்.

அறிவியலை வரவேற்போம், ஆரவாரத்துக்கு மயங்கோம். புதுக் கருவியோடு வருவோரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: உப்பு எங்கே? செலவு யாருடையது? இரண்டுக்கும் நேரிய விடை வந்தால், உழவனின் கிணறும் பிழைக்கும். தொழிலாளியின் அடுப்பும் எரியும்.