சிறிய தலைநகரங்களில் என்ன இருக்கிறது?

ஐரோப்பியப் பயணம் என்றதுமே பாரிஸ், ரோம், லண்டன் என்று பட்டியல் தயாராகிவிடுகிறது. ரீகா, வல்லெட்டா, லியூப்லியானா என்று யாராவது சொன்னால், "அங்கே போய் என்னத்தைப் பார்ப்பது?" என்கிறார்கள். பழைய கட்டடங்களுக்காகவே பயணம் போகிறவர்களிடமும் இந்த எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு. நான்கும் ஆராய்ந்தால் நிற்பதில்லை.

முதல் காரணம்: அங்கிருப்பவை பெரிய நகரங்களின் நகல்கள்.

ஆர்ட் நூவோ பாணி லாட்வியாவின் தலைநகரான ரீகாவில் பிறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பாணியில் சுமார் 800 கட்டடங்கள் அங்கே நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டை மதிலை இடித்த பிறகு நகரம் விரிந்தது. துறைமுக வணிகம் செழித்த 1900களின் தொடக்கத்தில் தெருத்தெருவாக இந்த வீடுகள் எழுந்தன. ஆல்பெர்ட்டா தெருவில் 2ஏ எண் வீட்டின் முன்னால் நின்று அண்ணாந்து பாருங்கள். மேல்வரிசை ஜன்னல்களுக்குள் வானம் தெரியும். அங்கே அறைகளே இல்லை. முகப்புக்கு உயரம் கூட்டக் கட்டடக்கலைஞர் மிகைல் ஐசன்ஸ்டைன் எழுப்பிய வெறும் சுவர் அது. திரைப்பட மேதை செர்கெய் ஐசன்ஸ்டைனின் தந்தை அவர். அதே காலத்தில் லாட்வியக் கலைஞர்கள் செங்குத்தான கூரை, இயற்கைக் கல், நாட்டுப்புற வடிவங்கள் கொண்டு தங்களுக்கென ஒரு வழியையும் வகுத்துக்கொண்டார்கள். இதை நகல் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது: போரில் எல்லாம் அழிந்துவிட்டது, இப்போது இருப்பது புதிதாகக் கட்டியது.

ரீகாவின் 'கருந்தலையர் மாளிகை' 1941இல் குண்டுவீச்சில் சிதைந்து, 1948இல் எச்சமும் அகற்றப்பட்டு, 1999இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் 2019இல் எரிந்து விழுந்த கூர்கோபுரமும் 19ஆம் நூற்றாண்டில் வைத்ததுதான். அதற்காக யாரும் பாரிஸைத் தள்ளிவைப்பதில்லையே! மால்டாவின் வல்லெட்டாவில் 1942இல் குண்டு விழுந்த ஓப்பரா மாளிகையை மீண்டும் எழுப்பவே இல்லை. எஞ்சிய தூண்களுக்கு நடுவே கட்டடக்கலைஞர் ரென்ஸோ பியானோ திறந்தவெளி அரங்கை அமைத்தார். இழப்பை ஒரு நகரம் எப்படி எதிர்கொள்கிறது என்பதும் கட்டடக்கலை வரலாறுதான்.

மூன்றாவது: சின்ன ஊர், அரை நாளில் முடிந்துவிடும்.

1565இல் மால்டா முற்றுகையிடப்பட்டதற்கு மறு ஆண்டே திட்டமிட்டுத் தொடங்கிய வல்லெட்டாவில், 55 ஹெக்டேருக்குள் 320 நினைவுச்சின்னங்கள் இருப்பதாக யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. புனித யோவான் இணைப் பேராலயத்தின் தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைப் பலகைகள். உள்ளே, கரவாஜியோ கையெழுத்திட்டதாக அறியப்படும் ஒரே ஓவியம் இருக்கிறது. இந்த ஓர் இடத்துக்கே அரை நாள் பத்தாது. ஊர் சின்னதாக இருப்பதால் நடந்தே முழுதாகப் பார்க்க முடிகிறது. மறுநாளும் போய் நின்று பார்க்க முடிகிறது.

நான்காவது: பெரிய அரண்மனைகள் இல்லை.

ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் கட்டடக்கலைஞர் யோஷே பிளெச்னிக் மன்னருக்காகக் கட்டவில்லை. 1842இல் கட்டிய கல்பாலம் நெரிசலுக்குப் போதாமல் போனபோது அதை இடிக்காமல், இருபுறமும் நடப்பவர்களுக்கு ஒவ்வொரு பாலம் சேர்த்தார். 1932இல் அது முப்பாலமானது. ஆற்றங்கரைச் சந்தை, நூலகம் என்று அன்றாடம் புழங்கும் இடங்களுக்கு அவர் கொடுத்த அழகை யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியமாக ஏற்றது. மக்கள் இன்றும் காய்கறி வாங்கும் சந்தை, அரண்மனைக்கு எந்த விதத்தில் குறைந்தது?

பாரிஸையும் ரோமையும் கட்டாயம் பாருங்கள். லாட்வியா, மால்டா, ஸ்லோவேனியா மூன்றும் ஷெங்கன் நாடுகள்தான். பலமுறை நுழைய அனுமதிக்கும் ஒரே விசா போதும். அடுத்த பயணத்தில் மூன்று நாளை இவற்றில் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். ஒரு காலத்தின் கட்டடக்கலையை முழு நகரமாகப் பார்க்கும் வாய்ப்பு, பெயர் பெற்ற ஊர்களில் அத்தனை எளிதில் கிடைக்காது.