இங்கினியாகலையில் ஒரு காலை



"யானையைப் படம் பிடிக்கிறதுக்கா இந்த நேரத்தில போறீங்க?" என்று வேன் ஓட்டிய தம்பி கேட்டார். சுபஹ் தொழுது பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கல்முனை பஸார் இருட்டாகவே கிடந்தது. வேனுக்குள் பதினொரு பெண்கள், எட்டுக் கைத்தொலைபேசிகள், ஒரு பெரிய பிளாஸ்க் நிறையத் தேநீர், லஞ்ச் சீற்றில் சுற்றிய பிட்டும் சம்பலும். அந்தத் தம்பிக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

கதை இதுதான். எமது நிலையத்தில் கைத்தொலைபேசியில் வீடியோ எடுக்கும் சிறு பயிற்சியொன்றை நடத்தினோம். கணவரை யுத்தத்திலோ கடலிலோ வேறு விதமாகவோ இழந்து, கைத்தொழில் செய்து பிள்ளைகளைப் பார்க்கும் சகோதரிகளுக்கானது. தைத்த உடுப்பையும் நெய்த சாரியையும் படம் எடுத்துக் காட்டி விற்பதற்கு உதவட்டும் என்பதே எண்ணம். முடிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு படம் செய்ய வேண்டும். "எங்கட தண்ணி" என்று தலைப்பு வைத்தார்கள். கிணறு, குழாய், வாய்க்கால், நெல் வயல் எல்லாம் எடுத்தாயிற்று. "இந்தத் தண்ணி எங்க இருந்து வருகுது எண்டு ஒருத்தரும் காட்டல்லயே" என்று மருதமுனை ராத்தா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

நமது வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீர் அம்பாறை கொண்டவட்டுவான் குளத்தில் சுத்திகரிக்கப்பட்டு வருவது. அந்தக் குளத்துக்கும், நமது பகுதி வயல்களுக்கும் தண்ணீர் கொடுப்பது இங்கினியாகலையில் உள்ள சேனாநாயக்க சமுத்திரம். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அது. பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் சொன்ன கல்லோயாவை மறித்து, 1949-இல் வேலை தொடங்கி, அமெரிக்கக் கம்பனியொன்றின் இயந்திரங்களைக் கொண்டு கட்டினார்கள். முதலாவது பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. வேடர் சமூகத்தினரின் நிலங்களும் அந்தத் தண்ணீருக்குள் போயின. நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு 1954-இல் கல்லோயாத் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். மற்றப் பூங்காக்களில் ஜீப்பில் போய்ப் பார்ப்பதை இங்கே படகில் இருந்தபடி பார்க்கலாம். நீரில் ஆங்காங்கே தீவுகள் உண்டு. வரட்சிக் காலத்தில் யானைகள் புல்லைத் தேடித் தீவுக்குத் தீவு நீந்திப் போகும். அதைப் படம் பிடிக்க எங்கெங்கோ நாடுகளில் இருந்தெல்லாம் பெரிய கமராக்களோடு ஆட்கள் வருகிறார்கள்.

நமக்கு ஐம்பது கிலோமீற்றருக்குள்தான். வேனில் இருந்த பதினொரு பேரில் ஒருவரும் அதுவரை அங்கே போனதில்லை.

ஏன் போகவில்லை என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். நீங்கள் கேட்கமாட்டீர்கள். விறகுக்கும் வயலுக்கும் போன ஆண்கள் திரும்பி வராத ஊர்கள் நமது ஊர்கள். 2006 செப்டெம்பரில் பொத்துவிலுக்கு அப்பால் ரத்தல்குளத்துக்கு வேலைக்குப் போன பத்து முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எங்களோடு வந்த காரைதீவுச் சகோதரியின் பாட்டனார் 1956-இல் கல்லோயாக் கலவரத்தில் உயிர் தப்பி ஓடி வந்தவர். அவரவர் கதை வேறு. காடும் குளமும் விடியாத நேரமும் சேர்ந்தால் வருகிற பயம் எல்லாருக்கும் ஒன்றுதான். சம்மாந்துறை தாண்டியதும் வேனுக்குள் பேச்சு நின்றுவிட்டது.

ஆறு மணிக்குப் பூங்கா திறந்தது. அபாயாவுக்கு மேலே உயிர்காப்பு அங்கியை எப்படிப் போடுவது என்பதில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஒரு விதத்தில் அது நல்லதாகப் போயிற்று. ஆனால் மருதமுனை ராத்தா மட்டும் கரையில் நின்றுவிட்டார். கேள்வி கேட்டு எங்களை அங்கே கொண்டுபோனவரே அவர்தான். 2004 டிசம்பர் 26-இல் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். அதன் பிறகு கடற்கரைப் பக்கமே போகாதவர். "நீங்க போயிட்டு வாங்க மகள், நான் இதில இரிக்கன்" என்றார். வற்புறுத்தவில்லை. படகு நகரும் நேரம் என்ன நினைத்தாரோ, வந்து ஏறிவிட்டார். அரை மணி நேரம் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி விடவில்லை. அடையாளம் இரண்டு நாள் இருந்தது.

எங்களோடு வந்த வனஜீவராசிகள் திணைக்கள வழிகாட்டி சிங்களத்தில் சொல்ல, முன்பு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த சகோதரியொருவர் தமிழில் சொன்னார். கரையில் நிற்கும் மரங்களை அவர் காட்டினார். கடுக்காய், தான்றி, நெல்லி. "இது நம்மட திரிபலாச் சூரணம்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் அந்த மரங்களைச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்கள். பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் இன்னும் நின்றன. அவற்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன.

படம் எடுப்பது பற்றிப் பயிற்சியில் சொல்லித் தந்ததை இங்கேயும் எழுதுகிறேன். யாருக்காவது உதவும். தொலைபேசியைக் குறுக்காகப் பிடியுங்கள். விடிய நேரத்துப் பனியில் கண்ணாடி மங்கும். சீலைத் தலைப்பால் துடைத்துக்கொள்ளுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் கை நடுங்காது. பெரிதாக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் படம் உடைந்துவிடும், தூரத்தில் இருப்பது தூரத்திலேயே இருக்கட்டும். ஓரிடத்தைப் பத்து விநாடியாவது அசையாமல் எடுங்கள். படகின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு பறவையின் சத்தமும் பதியாது. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் நல்லது. அணைக்கட்டுப் பக்கமிருந்து நீர்த்தேக்கத்துக்குள் போகும்போது காலைச் சூரியன் பின்னால்தான் எழும்பும், அதாவது நமது ஊர்ப் பக்கமிருந்து, கடலில் இருந்து. எங்களுக்கு முன்னால் இருந்த மலையில் முதலில் வெயில் பட்டது, பிறகு மரங்களின் உச்சியில், கடைசியாகத் தண்ணீரில்.

பெரிய கறுங்கற்கள் என்றுதான் நினைத்தேன். கற்கள் நகர்ந்தன.

ஏழு யானைகள். ஒரு தீவிலிருந்து மறுகரைக்கு நீந்திக்கொண்டிருந்தன. உடம்பு முழுவதும் தண்ணீருக்குள். தலையின் மேல்பாகமும், மேலே தூக்கிப் பிடித்த தும்பிக்கை நுனியும் மட்டும் தெரிந்தன. இரண்டு பெரிய தலைகளுக்கு நடுவில் ஒரு சின்னத் தலை. வழிகாட்டி தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்தச் செய்தார். மூச்சு விடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஏழு தொலைபேசிகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன.

எட்டாவது தொலைபேசி நிந்தவூர்ச் சகோதரியின் மடியில் கிடந்தது. "இதப் போய் வடிவு எண்டு சொல்றீங்களே" என்றார், ஒருவரையும் பார்க்காமல்.

அவருக்கு என் வயதுதான். 1990-இல் அவருக்கு இரண்டு வயதிருக்கும்போது வயலுக்குப் போன வாப்பா திரும்பவில்லை. 2018 மார்ச்சில், பெரும்போக அறுவடை நேரம், கூலிக்குக் காவல் இருக்கப் போன கணவரை வாடியின் வாசலில் வைத்து யானை அடித்தது. விடியற்காலை, இதே நேரம். யானை வெடி கையில் இருந்ததாம், கொளுத்த நேரம் கிடைக்கவில்லை. அவர் இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் நட்டஈட்டுக் கடதாசிகளை யாரும் பார்க்கவில்லை. பிறகு ஓர் அலுவலகத்துக்குப் பதினொரு தடவை நடந்தார். ஒரு தடவை மரணச் சான்றிதழ் போதாது என்றார்கள், ஒரு தடவை கையெழுத்து வேண்டும் என்றார்கள், ஒரு தடவை கோவையையே காணவில்லை.

இவரை ஏன் கூட்டி வந்தேன் என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. பெயரைப் பட்டியலில் எழுதும்போது யோசித்திருக்க வேண்டும். படகில் ஒருவரும் பேசவில்லை.

வழிகாட்டிக்கு என்ன விளங்கியதோ தெரியாது. அவர் வழமையாகச் சொல்வதைச் சொன்னார். கூட்டமாகப் போவதெல்லாம் பெண் யானைகளும் குட்டிகளும். முன்னால் போவது வயதில் மூத்தவள், எங்கே தண்ணீர், எங்கே புல் என்பது அவளுக்குத்தான் நினைவு. ஆண் குட்டி வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் போய்விடும். வயலுக்கு வருவதில் பெரும்பாலானவை அப்படித் தனியாகத் திரியும் ஆண் யானைகள்தான்.

"அப்ப இதுகளெல்லாம் பொம்புளையளா?" என்று கேட்டார் நிந்தவூர்ச் சகோதரி.

"பெரியது எல்லாம்."

முன்னால் போனது கரை ஏறி நின்றது. சின்னது சேற்றில் வழுக்கி விழுந்தது, திரும்ப விழுந்தது. பின்னால் வந்தது தலையால் முட்டி ஏற்றிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், எட்டாவது தொலைபேசியும் மேலே இருந்தது. மற்றவர்கள் எடுத்து முடித்து ஒருவருக்கொருவர் காட்டத் தொடங்கிய பிறகும் அவர் இறக்கவில்லை. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியபடி இருந்தன.

யானைகளோடு அவர் சமாதானமாகிவிட்டார் என்று நான் எழுதப் போவதில்லை. அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. 2023-இல் மட்டும் இந்நாட்டில் 450-க்கும் மேற்பட்ட யானைகளும் 150-க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்தப் பிணக்கில் இறந்தார்கள். அதில் ஒவ்வொரு மனிதருக்குப் பின்னாலும் ஒரு கோவை, ஒரு நடை இருக்கிறது.

பூங்காவுக்கு வெளியே வந்து வேனடியில் பிட்டுப் பொதிகளை அவிழ்த்தோம். ஒரு யோசனையில் என் தொலைபேசியில் இருந்த படமொன்றைக் காட்டினேன். 2020-இல் யாழ்ப்பாணத்துப் புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்ஷன் எடுத்த படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தனவே, அவற்றில் ஒன்று. ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைக் கூட்டம் தின்றுகொண்டு நிற்கும் படம். கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு என்று நமது பகுதிகளின் குப்பைதான் அங்கே கொட்டப்பட்டது. 2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய இடம். மீள்சுழற்சி நடக்கவில்லை. சுற்றிப் போட்ட மின்வேலி 2014-இல் இடி விழுந்து பழுதானது, அதைத் திருத்தவில்லை. 2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது, எட்டு வருடங்களில் சுமார் இருபது யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்திருந்தன என்று செய்தி வந்தது. வயிற்றுக்குள் பொலித்தீனும் சாப்பாட்டு உறைகளும் தண்ணீரும்தான் இருந்ததாக மிருக வைத்தியர் சொன்னார்.

படம் கைமாறிப் போனது. "இது நம்மட சொப்பிங் பேக்தானே" என்றார் ஒருவர். சாப்பாட்டில் உப்பும் சம்பலும் ஒட்டியிருந்தால் பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடும், ருசி கண்ட யானை பிறகு ஊரை விட்டுப் போகாது என்று நான் சொன்னேன். நிந்தவூர்ச் சகோதரி படத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்ப ஊருக்குள்ள கூப்பிட்டது ஆரு?" என்றார். அவர் என்னைக் கேட்கவில்லை. எல்லோருடைய லஞ்ச் சீற்றையும் வாங்கி, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறார், அதுவும் குப்பை வண்டியில்தானே போகும் என்று ஓர் இளையவர் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. "எங்கட தண்ணி" படத்தில் குப்பை வண்டியையும் சேர்ப்பதென்று வேனில் வரும்போது முடிவானது. தண்ணிக்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இடையில் ஒரு முக்கிய விடயம். யானை தாக்கி மரணமோ காயமோ ஏற்பட்டால் அன்றைக்கே பொலிஸிலும், கிராம உத்தியோகத்தரிடமும், அருகிலுள்ள வனஜீவராசிகள் அலுவலகத்திலும் அறிவித்து விடுங்கள். மனைவி இத்தாவில் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து அனுப்புங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் பிரதி எடுத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு ஒப்பமும் வாங்குங்கள். அலைந்து களைத்த பிறகுதான் பல சகோதரிகள் எங்களிடம் வருகிறார்கள். முதல் நாளே வாருங்கள்.

படத்தை நிலையத்தில் போட்டுப் பார்த்தோம். மொத்தம் ஒன்பது நிமிடம். யானைகள் வரும் பகுதி முழுவதும் நிந்தவூர்ச் சகோதரி எடுத்ததுதான்; மற்ற ஏழும் ஆடி அசைந்து போயிருந்தன. அதில் அவருடைய மூச்சும் பதிந்திருக்கிறது. குட்டி இரண்டாவது தடவை விழும்போது "யா அல்லாஹ்" என்று மெதுவாக ஒரு குரல். அதை வெட்டிவிடலாமா என்று பயிற்றுநர் கேட்டார். மருதமுனை ராத்தா வேண்டாம் என்றுவிட்டார்.

நட்டஈட்டில் ஒரு பகுதிதான் அவருக்குக் கிடைத்தது. மிச்சத்துக்கான கோவை இப்போது அகப்பட்டிருக்கிறதாம். வரும் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது தடவையாகப் போகிறோம், இந்தத் தடவை நானும் கூட.